பிரேக் மீது போட்ட பழி

மெக்கானிக் ரிஸ்வான் பழுதுபார்த்த பிரேக்தான் என் விபத்துக்குக் காரணம் என்று நான் சொன்னது பொய்.

தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும் நோய் எனக்கு உண்டு. முகத்தில் மாட்டும் காற்று இயந்திரம் இல்லாமல் படுத்தால், மறுநாள் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிடும். கம்பளையில் சம்பந்தி வீட்டில் இரண்டு நாள் தங்கப் போனபோது, அதை மாட்டிய கோலத்தை அவர்கள் பார்க்கக் கூடாதென்று இயந்திரத்தை வேண்டுமென்றே வீட்டில் விட்டுச் சென்றேன். காரில் திரும்பும்போது கண்ணயர்ந்து, மஹய்யாவயில் ஒரு பழக்கடைத் தூணில் மோதினேன். யாருக்கும் அடியில்லை.

"பிரேக் பிடிக்கல. போன கிழமதான் ரிஸ்வான்கிட்ட செஞ்சேன்," என்றேன்.

"ஐயோ, என் த்ரீவீலும் அவருகிட்டதானே நிக்குது!" என்றார் கடைக்காரர்.

பேச்சு பரவியது. ரிஸ்வானிடம் வாகனம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மூன்று மாதம் வாய்மூடி இருந்துவிட்டு, அவருடைய கராஜுக்குப் போய் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

"இத அண்டைக்கே செல்லீந்தா என்ன சேர்? என்ட கையிலதான் பிழையோண்டு நானே நெனச்சிட்டேன்," என்றார்.

விலகியவர்களையும் தேடிப்போய்ச் சொன்னேன். பாதிப்பேர் திரும்பினார்கள். இப்போது எங்கே தங்கினாலும் இயந்திரத்தை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன், சம்பந்தி வீட்டிலும். ரிஸ்வான் என்னைக் கண்டால் சிரிக்கிறார். என் காரை மட்டும் தொடுவதில்லை.