அட்டையில் அச்சடித்த வீடியோ கேம்

விளையாடுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் அது உண்மையாகவே நடந்தது. பாம்பும் ஏணியும், லூடோ, பாலக்காட்டுத் தமிழரான எங்கள் முதலாளி தாமே யோசித்து உண்டாக்கிய சில விளையாட்டுகள் என்று அட்டையில் அச்சிட்டு, எர்ணாகுளம் பிராட்வே கடைகளுக்கு அனுப்புவோம். பெட்டிக்குள் பகடையும் காய்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பள்ளுருத்தியில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். புது விளையாட்டு எதுவும் அச்சுக்குப் போகும் முன்பு, முதலாளி முதல் பசை தடவும் அக்கா வரை எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து விளையாட வேண்டும். யாராவது கொட்டாவி விட்டால் அந்த விளையாட்டு தள்ளுபடி. முதலாளியின் சொந்த மூளையில் உதித்த எத்தனையோ விளையாட்டுகளைக் கொட்டாவி விட்டே கொன்றிருக்கிறோம். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பிறகு எல்லோருக்கும் சாயா வரவழைப்பார். வேறு எந்த முதலாளி இதைப் பொறுப்பார்?

பிறகு கல்ஃபிலிருந்து வந்தவர்கள் கையடக்க வீடியோ கேம்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பகடையை மறந்தார்கள். எங்கள் பெட்டிகள் கடைகளில் தேங்கின. முதலாளி, மேலிருந்து விழும் பழத்தைப் பிடிக்கிற அப்படி ஒரு கேமை இரவல் வாங்கிவந்து, நாள் முழுக்க பீப் பீப் என்று அதனோடேயே கிடந்தார். முடிவில் ஒரு யோசனை சொன்னார். அதே கேமை அட்டையில் அச்சிட்டு, பெட்டிமேல் பெரிதாக 'வீடியோ கேம்' என்று போடுவதாம்!

பாய் விரித்தோம். திரையில் கண் இமைக்கும் முன் விழுகிற பழம், எங்கள் அட்டையில் பகடையை உருட்டி உருட்டி ஒரு வழியாக விழுந்தது. நான் வாய் நிறையக் கொட்டாவி விட்டேன்.

"பாட்டரி எங்கேன்னு பிள்ளைங்க கேக்கும், முதலாளி. இது போகாது" என்றும் சொன்னேன்.

"நோக்கு ராத்திரி உறக்கம் போறலை, அதான்!" என்று கத்தினார்.

அவர் வழக்கத்தை மீறியது அந்த ஒரு தடவைதான். கையில் இருந்ததை எல்லாம் அதில் கொண்டுபோய்க் கொட்டினார்.

பெட்டியைத் திறந்த பிள்ளைகள் அழுதார்களாம். எங்களிடம் அதிகம் வாங்கிய பிராட்வே கடைக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி, எல்லாப் பெட்டிகளையும் திருப்பி அனுப்பினார். முதலாளி அங்கேயே போய்ச் சண்டை போட்டு, இனி இந்தக் கடைப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். சில மாதங்களில் கம்பெனியைப் பூட்டினோம். அடுத்த மாதம் அரிசிக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பூட்டிய மறுநாள் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "புறப்படு" என்றார். போட் ஏறி எர்ணாகுளம் போனோம். நேராக அண்ணாச்சி கடை. எனக்கு முன்னால் அவரே படி ஏறினார். அண்ணாச்சி "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

"இந்தக் குட்டிக்கு ஒரு வேலை வேணும், அண்ணாச்சி."

"அவளுக்கு என்ன தெரியும்?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள்.

"எது விக்கும், எது விக்காதுன்னு தெரியும். என் கேம் போகாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா. நான் கேக்கலை. அதான் இப்போ உங்க முன்னால வந்து நிக்கறேன். நீங்களாவது கேளுங்கோ."

அண்ணாச்சி என்னைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். அப்பா கடைசிவரை பசி அறியாமல் இருந்தார்.