ரெஜிஸ் இறங்க நான் ஏற வேண்டும்

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு உடன்குடியில் பஸ் ஏறினேன். தோளில் ஒரு பை, கால்களுக்கு நடுவே இன்னொன்று. திருச்செந்தூரில் இறங்கி வேறு பஸ். அங்கிருந்து தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டர். கரையோரக் கப்பல்களில் ஒன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டு, அடுத்த அழைப்புக்காகப் பத்து மாதம் வீட்டில் இருந்தவன் நான். இப்போதுதான் வெளிநாடு போகும் கப்பல் கிடைத்திருந்தது. சந்தையில் மூட்டை தூக்கும் அப்பா பஸ் நிறுத்தம் வரை வந்தார். "அந்தக் கப்பல்ல நம்மாளு யாராவது உண்டாலே?" என்றார். தெரியாது என்றேன்.

ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டும்போது போன் வந்தது. பெண் குரல்.

"தம்பி, நீங்கதான எங்க வீட்டுக்காரவியளுக்கு ரிலீவரு? கப்பல் ஏஜெண்ட்கிட்ட கேட்டு நம்பர் வாங்கினேன். சாப்ட்டியளா?"

இதைக் கப்பல் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சரக்குக் கப்பலில் வேலை செய்பவர்களுக்கென உலகப் பொதுவாக இரண்டு உடன்படிக்கைகள் இருக்கின்றன. ஒன்று பயிற்சிக்கு: தீயணைக்க, படகிறக்க, காவல் நிற்க இன்னின்ன சான்றிதழ் இருந்தால்தான் கப்பலில் கால் வைக்கலாம். மற்றது தொழிலாளர் உரிமைக்கு: ஒப்பந்தம் முடிந்தவனைக் கம்பெனி தன் செலவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், ஒரு வருடம் நிறையும் முன் அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் இன்ன வேலைக்கு இத்தனை பேர் குறையாமல் இருந்தால்தான் கப்பல் துறைமுகத்தை விட்டு நகரலாம் என்றும் விதி உண்டு. ஆகவே இறங்குபவன் இறங்க, அதே சான்றிதழ்களோடு ஒருவன் ஏற வேண்டும். அவன்தான் ரிலீவர்.

போனில் பேசியவர் பெயர் ஃபுளோரா. கணவர் ரெஜிஸ், நான் ஏறப்போகும் கப்பலில் டெக் மாலுமி. ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து பத்தாவது மாதமும் முடியப் போகிறது. போன முறை வரவேண்டிய ரிலீவர் கடைசி நேரத்தில் வரவில்லை. ரெஜிஸ் கப்பலேறிய பிறகு பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். இத்தனைக்கும் கப்பல் நிலக்கரியோடு தூத்துக்குடிக்கே வந்து, உள்ளே இடமில்லாமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருக்கிறது. வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற தூரத்தில் ஒருவர் வீட்டுக்கு வர முடியாமல் இருக்கிறார்.

பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜில் நாளொன்றுக்கு அறுநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். படுக்கத்தான் அந்த அறை. மற்ற நேரமெல்லாம் தெரேஸ்புரத்தில் ஃபுளோராக்கா வீட்டில் இருக்கும்படி ஆயிற்று. சங்குகுளிக்குப் போகும் வள்ளங்கள் நிற்கும் கரையிலிருந்து மூன்றாவது தெரு. வாசலில் கால் வைத்ததும் அவர் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரொம்ப ஒல்லியா இருக்கானே. டாக்டரு பாஸ் பண்ணிட்டாவளா?"

"போன வாரமே பாஸ் பண்ணிட்டாங்கம்மா."

"போன வாரம் இருக்கட்டும். இனிம நீ எங்க பொறுப்பு. வெயில்ல நிக்காத, கடல்ல குளிக்காத. ஒனக்கு ஒண்ணுன்னா எம்புள்ள எறங்க மாட்டான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கடற்கரைக்குப் போகிறேன் என்றால் குடை வந்தது. இருசக்கர வண்டியில் யார் பின்னாலும் ஏறக் கூடாது. ஓட்டல் சாப்பாடு கூடாது. சீலா மீன் குழம்பு, நண்டுப் பொரியல், மாலையில் மக்ரூன், மறுநாள் இறால் தொக்கு. தட்டு காலியாகும் முன் அடுத்த கரண்டி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன, மாப்பிள்ள விருந்தா?" என்றார். "எம்மவன எறக்குத விருந்து" என்றார் மாமியார்.

செவ்வாய் மாலை ஆட்டோ பிடித்து முயல் தீவுக்குப் போனோம். போக வர முந்நூற்றைம்பது ரூபாய். பெயரில்தான் தீவு, துறைமுகத்தை ஒட்டிச் சாலையிலேயே போய்விடலாம். கரையில் நின்றால் வெளிக்கடலில் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். எங்களுடையது வடக்கிலிருந்து மூன்றாவது என்று ரெஜிஸ் சொல்லியிருந்தார். ஃபுளோராக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பின்னால, படிக்கிட்ட நிக்கேன். ஆரஞ்சு பாய்லர் சூட்டு போட்டுருக்கேன். கைய ஆட்டுதேன், தெரியுதா?"

அந்தத் தூரத்தில் கப்பலே ஒரு தீப்பெட்டி அளவுதான். ஃபுளோராக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தெரியுது. நல்லா தெரியுது" என்றார். பிள்ளையின் கையைப் பிடித்துக் கடல் பக்கம் ஆட்டினார். நான் அதே கப்பலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து மாதம் நான் ஏங்கிய கப்பல் அது. அவருக்கு அது கணவர் இறங்க வேண்டிய கப்பல்.

புதன்கிழமை கப்பல் உள்ளே வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஏறலாம் என்று ஏஜெண்ட் சொன்னார். அன்று சாயங்காலம் ஆரம்பித்தது எனக்கு வயிற்றுப்போக்கு. கருப்பட்டிக் காப்பியும் சோறும் பழகிய வயிறு, மூன்று நாள் விருந்தைத் தாங்கவில்லை.

வியாழன் காலை எட்டு மணி. தெரேஸ்புரம் வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஏறும் முன் உடல்நிலை பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் காய்ச்சலுக்கு அடுத்த கேள்வியே வயிற்றுப்போக்குதான். பயிற்சியில் எங்களுக்கு அழுத்திச் சொன்னது, அங்கே மட்டும் பொய் எழுதாதே என்பது. ஆனால் எதிரே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஃபுளோராக்கா.

"வாய மூடிக்கிட்டு ஏறிப் போட்டுமே" என்றார் மாமியார். "ரெண்டு நாள்ல சரியாயிரும். எம்புள்ள வந்துருவான்லா."

ஃபுளோராக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சொல்லிருங்க தம்பி" என்றார்.

"ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா?"

"அங்க இருவது பேருக்கும் ஒரே அடுப்படி, அத்த. முந்தின கப்பல்ல இப்பிடித்தான் ஒருத்தரு சொல்லாம ஏறி, பாதிப் பேரு படுத்துட்டாவ. படுத்தவன் வேலையையும் சேத்து ஒங்க மவந்தான் பாத்தாவ. தூக்கக் கலக்கத்துல வடத்துல கை மாட்டப் பாத்துச்சே, மறந்துட்டியளா? இவிய எறங்கிருவாவ. உள்ள இருக்கவங்க வீட்லயும் ஆளு இருக்காவல்லா."

மாமியார் எழுந்து அடுப்படிக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் வந்தது.

ஏஜெண்டிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, பெருமூச்சு விட்டார். கேப்டனிடமிருந்து பதில் வந்தது: வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பும். நண்பகலுக்குள் டாக்டர் சரியென்றால் ஏற்றிக்கொள்வார்கள். இல்லையென்றால் ரெஜிஸ் ஆப்பிரிக்கா வரை போவார், ஆள்மாற்றம் அங்கேதான். ஃபுளோராக்கா இதைப் போனில் கணவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். கப்பல் மெஷின் இரைச்சலுக்கு நடுவே ரெஜிஸ் கேட்டார்: "தம்பிக்கு மோரு குடுத்தியா?"

அன்று முழுக்க மோரும் கஞ்சியும் உப்புச்சர்க்கரைத் தண்ணீரும். மாமியார்தான் டம்ளர் டம்ளராகக் கொண்டுவந்தார். மாலையில் ஜெபமாலையோடு உட்கார்ந்தவர் நடுவில் நிறுத்தி, "இப்ப எப்பிடி இருக்கு?" என்றார். "நின்னுட்டும்மா" என்றேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

வெள்ளி பதினொன்றரைக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டார். துறைமுக வாயிலுக்கு ஆட்டோவில் நான்கு பேராகப் போனோம். உள்ளே எனக்கும் ஏஜெண்டுக்கும் மட்டுமே அனுமதி. "போய்ட்டு வாரேன்க்கா" என்றேன். ஃபுளோராக்கா தலையை ஆட்டினார், ஆனால் கண் ஏற்கெனவே என்னைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

நிலக்கரிக் குவியல்களைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் இருக்கும். கப்பல் ஏணியின் உச்சியில் பெட்டியோடு தயாராக நின்றிருந்தார் ரெஜிஸ். கேப்டன் அறையில் என்னைச் சேர்த்து எழுதி, அவரை விடுவித்து எழுதினார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றது கால் மணி நேரம் இருக்கலாம்.

"ஏலே தம்பி, படுக்கைக்கு மேல இருக்க பங்க் லைட்டு ஒரு தட்டு தட்டுனாத்தான் எரியும். நம்ம டெக் மேஸ்திரி போசன் கத்துவாரு, நல்ல மனுசன். ஓய்வு நேரத்துல ஓய்வு எடுத்துரு, கெத்து காட்டாத." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளிய நிக்காவளா?"

"நிக்காவண்ணே."

"புள்ள முழிச்சிருக்கா?"

"ஆட்டோலயே தூங்கிட்டா."

"தூங்கட்டும்." சிரித்தார். ஏணியில் பாதி வரை நிதானமாக இறங்கியவர், கீழே வந்ததும் ஏஜெண்டின் காருக்கு ஓடினார். வாயிலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. குவியல்கள் மறைத்துக்கொண்டன.

நான்கு மணிக்கு, கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே வழிநடத்தும் பைலட் ஏறினார். வடத்தை உள்ளே இழுத்துச் சுற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அலைத்தடுப்புச் சுவர் பின்னால் போயிருந்தது. வெயில் தாழ்ந்தபோது, வலப்பக்கம் வெகு தூரத்தில் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் எங்கோ புன்னைக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், அதற்கும் தெற்கே உள்ளொடுங்கி எங்கள் ஊர். கண்ணுக்கு எதுவும் பிரிந்து தெரியவில்லை. போனில் சிக்னல் ஒரு கட்டைதான் இருந்தது. அம்மாவை அழைத்தேன். "எங்கல இருக்க?" என்றாள். "ஒனக்கு நேரா, கிழக்க" என்றேன். அதற்குள் கட்டாகிவிட்டது.

கப்பலேற வேண்டும் என்று ஏங்கினேன். ஏறி ஐந்து மணி நேரத்தில், இறங்கும் நாளைப் பற்றி நினைக்கிறேன். எந்தத் துறைமுகத்திலோ என்னை இறக்க ஒருவன் வர வேண்டும். பெயர் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. இப்போது அவன் எங்காவது பயிற்சிப் பள்ளியில் தண்ணீரில் குதிக்கப் பயந்து நின்றுகொண்டிருக்கலாம். நன்றாகச் சாப்பிடு, அளவாகச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்லத் தோன்றுகிறது.