அப்பா தாழ்த்திய கூரை

என் அப்பா விஜயரத்தினம் முதன்முதலாக ஒரு ஹொட் ரொட் காரைப் பார்த்தபோது, அதை விபத்தில் நசுங்கிய வண்டி என்று நினைத்தார். டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் அவருக்குக் கார்களின் நெளிவெடுக்கும் வேலை. கதவில் ஒரு சின்னப் பள்ளம் எடுக்க வந்த அந்தக் காரின் கூரை அரைச் சாண் தாழ்ந்திருந்தது. மேலே மரம் விழுந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சொந்தக்காரர் கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள், உள்ளே வண்டி தூக்கும் ஜக்கை நிறுத்திக் கூரையைத் தூக்கத் தொடங்கிவிட்டார்.

சொந்தக்காரர் பெயர் உவே. ஆறடிக்கு மேல் உயரம். அந்தக் கூரையைத் தாழ்த்த அவருக்கு இரண்டு குளிர்காலம் பிடித்திருந்தது. அவர் போட்ட சத்தத்தில் முதலாளி ஓடி வந்தாராம்.

"அடிபட்ட கார் எண்டு நினைச்சு நிமித்தி விட்டன். அந்தாள் என்னை நிமித்த வெளிக்கிட்டுது," என்று அப்பா இதை எல்லாக் கலியாண வீடுகளிலும் சொல்வார். கேட்பவர்கள் சிரித்து முடிக்கும் முன்பே அவர் சிரித்து முடித்துவிடுவார்.

கெடுத்ததைச் சரிசெய்ய அடுத்த ஞாயிறு உவேயின் கராஜுக்குப் போனார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் வீட்டில் நிற்கவில்லை.

ஹொட் ரொட் என்றால் இவ்வளவுதான்: பழைய கார் ஒன்றை எடுத்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சின் ஒன்றை வைத்து, தேவையில்லாத கைப்பிடி, மூடி எல்லாவற்றையும் கழற்றி, தகட்டை வழவழப்பாக்குவது. இடத்தைக் குறைத்துச் சத்தத்தைக் கூட்டும் வேலை. நான் பொறியியல் படித்தவள். எனக்கு அதில் ஒரு நியாயமும் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"பிள்ளை, நியாயம் பாத்தால் நான் சைக்கிள் எல்லோ ஓடோணும்," என்றார்.

உவேயும் நண்பர்களும் நடத்திய ஹொட் ரொட் கழகத்தில் அப்பா ஒருவர்தான் தமிழர். எல்லோரிலும் கட்டையானவரும் அவர்தான். நாற்பது வருடம் ஜேர்மனியில் மேல் தட்டில் இருக்கும் சாமானுக்கெல்லாம் ஏணி தேடிய மனிதர். இங்கே மட்டும் நிலைமை தலைகீழ். கூரையை எவ்வளவு தாழ்த்துகிறாயோ அவ்வளவு மதிப்பு. ஆனால் தாழ்த்திய பிறகு நீ உள்ளே உட்கார வேண்டும். உவே போன்றவர்கள் ஓர் எல்லையில் நின்றார்கள். அப்பா நிற்கவில்லை. முப்பதுகளில் செய்த ஒரு பழைய ஓப்பல் காரின் ஓட்டை உடம்பை வாங்கி, மற்றவர்களின் இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கூரையை அறுத்தார். முன் கண்ணாடி தபால்பெட்டியின் வாய் போல ஆனது. கழகத்துக்காரர் வாயைப் பிளந்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு கிண்டல் மிச்சம் இருந்தது. "இன்னும் ஒரு விரல் அளவு வெட்டியிருக்கலாம் விஜே. பயந்துட்டாய்," என்பார்கள். அப்பா கொண்டுபோன மட்டன் ரோல்ஸை நீட்டுவார்.

அவருக்கு ஒரே ஒரு வைராக்கியம். சிலர் தங்கள் கார்களைச் சந்திப்புகளுக்கு ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். "சாமிக்குத்தான் தேர். காருக்கு ஏன்? காருக்கு நாலு சில்லு கிடக்கெல்லோ," என்பார்.

போன வைகாசியில் அவருடைய இதயம் நின்றது. கராஜில் இல்லை. பல் வைத்தியரின் காத்திருப்பறையில். கார் முடிந்திருந்தது; வீதியில் ஓட அனுமதிக்கும் பரிசோதனை மட்டும் பாக்கி.

ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு முன் அந்தக் காரை வீதியில் இறக்குவது என்று முடிவு செய்தேன். கழகத்தின் வசந்தகாலச் சந்திப்புக்கு அது ஓடிப் போக வேண்டும்; ஏறிப் போகக் கூடாது. ஓட்டுவது நான். மூன்றாவது முடிவை எடுப்பதற்கு முன் அளவெடுத்திருக்க வேண்டும்.

என் உயரம் ஒரு மீற்றர் எண்பது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இப்படி ஒரு பிள்ளை எப்படி வந்தது என்று உறவுக்காரர் இன்றும் கேட்கிறார்கள். ஜேர்மன் பால் என்று அம்மா பதில் சொல்வார். ஒரு கார் நிறுவனத்தில், மனிதர்கள் இருக்கையில் எப்படி உட்காருவார்கள் என்று கணினியில் கணக்கிடுவது என் தொழில். இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

அப்பாவின் காரில் ஏறினேன். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. தலை கூரையில் முட்டியது. கழுத்தை வலத்துக்கு மடித்தால் இடது கண்ணுக்கு வீதி தெரிந்தது. இறங்க உவேயின் உதவி தேவைப்பட்டது. அவர் என் கால்களைப் பிடித்து இழுத்தார்.

இருக்கையைக் கழற்றித் தரையில் மெல்லிய பஞ்சு போட்டேன். தலை இன்னும் முட்டியது. பஞ்சையும் எடுத்தேன். அப்போது கூரை முட்டவில்லை, வீதியும் தெரியவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த வழிக்குப் போனேன். காரை முழுவதும் அளந்து கணினியில் ஏற்றி, எங்கள் அலுவலக மென்பொருளில் இருக்கும் மனிதப் பொம்மைகளை ஒவ்வொன்றாக உள்ளே உட்காரவைத்தேன். பெரிய ஆண், நடுத்தர ஆண், நடுத்தரப் பெண் எல்லோருக்கும் தலை இடித்தது. மிகச் சின்னப் பெண் பொம்மை மட்டும் சிரமமில்லாமல் உட்கார்ந்தது. அளவில் பிழை இருக்க வேண்டும் என்று திரும்ப அளந்தேன். படித்த மூளை.

கடைசியில் கூரையை அறுத்து உயர்த்துவது என்று தீர்மானித்தேன். வெட்டும் இடத்தில் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டினேன். உவே கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூரையை நிமித்த வந்த முதல் ஆள் உன் அப்பா. இருபது வருடம் கழித்து நீ வந்திருக்கிறாய்," என்றார். "இதற்கு என்னிடம் ரம்பம் கேட்காதே. தரமாட்டேன்."

"அப்படியானால் ட்ரெயிலரில் ஏற்றட்டுமா?" என்று ஜேர்மனில் கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் துடைத்தார் என்று நினைக்கிறேன். நான் பார்க்காதது போல ரம்பத்தின் பற்களைச் சோதித்தேன். அது என் சொந்த ரம்பம். புதிது.

அந்த நேரம் அம்மா சாப்பாடு கொண்டு வந்தார். அம்மா, நேசமலர், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். செத்தவீட்டுக்குப் பிறகு கராஜ் பக்கம் வந்ததில்லை. இந்தக் காரைச் சவப்பெட்டி என்றுதான் சொல்வார்.

"இதென்னடி, காருக்கு நெத்தியிலை பத்துப் போட்டிருக்கு?"

"கூரையை வெட்டி உயத்தப் போறன் அம்மா. எனக்கு உள்ளுக்கை இருக்க ஏலாமல் கிடக்கு."

"ஆரைக் கேட்டு?"

"நீங்கள் இதைச் சவப்பெட்டி எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். அதுக்காக, நான் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பெயின்ற் வாளியிலை குந்தியிருந்தது இல்லையெண்டு ஆகுமோ?"

எனக்கு விளங்கவில்லை. அம்மா சாப்பாட்டுப் பெட்டியை எஞ்சின் மூடியில் வைத்தார்.

"உன்ரை அப்பாவுக்குத் தன்ரை தலைக்கு மேலை தானே கோடு கீற ஏலாதாம். நானும் கொப்பரும் ஒரே உயரம். என்னைப் பிடிச்சு உதுக்குள்ளை வாளியிலை இருத்திப்போட்டு, அசையாதை, மூச்சு விடாதை எண்டு ஒரே ஆக்கினை. கொண்டை இடிக்குது எண்டன். அவிழ்த்துவிடு எண்டார். மாட்டன் எண்டன். பிறகுதான் கூரைக்கு ஒரு விரல் உயரம் கூட்டி விட்டவர்."

நான் உவேக்கு மொழிபெயர்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார், அம்மாவின் கொண்டையைப் பார்த்தார். "பயந்துட்டான் என்று எத்தனை தடவை சொன்னோம்," என்றார். "அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே."

"சொன்னால் நீங்கள் இன்னும் நக்கலடிப்பியள் எல்லோ, உவே அண்ணை," என்றார் அம்மா, நேரே தமிழில். உவே தலையாட்டினார்.

அம்மா காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். நான் கழற்றிய இருக்கையை மீண்டும் பூட்டச் சொன்னார். பூட்டினேன். அம்மா சப்பாத்துக் காலைத் தட்டிவிட்டு ஏறினார். கால் கிளச்சில் சரியாகப் பதிந்தது. கண் கண்ணாடியின் நடுவில் நின்றது. கொண்டை கூரையில் பட்டும் படாமலும் இருந்தது. நான் ரம்பத்தோடு நின்றேன்.

"காரை நான் ஓடுறன்," என்றார். "நீ பின்னாலை வா."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்று சொல்வது மரியாதைக்காக. அதை ஓட்டும் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அவருக்குப் பிறகு என்னிடம் இருந்த ஒரே வேலை அதுதான். வாயைத் திறந்தேன். அம்மா ஏற்கெனவே கண்ணாடியைத் தனக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டிருந்தார். ஒட்டுநாடாவை உரிக்கத் தொடங்கினேன்.

தற்காலிக எண் தகட்டோடு பரிசோதனைக்குப் போனோம். அம்மா முன்னால், நான் என் மின்சாரக் காரில் பின்னால். பரிசோதகர் வழமையில் வண்டியைத் தானே பிரேக் உருளைகளில் ஏற்றுவாராம். தலையை உள்ளே விட்டார். தோள் நுழையவில்லை. வெளியே வந்து தொப்பியைத் தேடினார்.

"நீங்களே ஏற்றுங்கள்," என்றார் அம்மாவிடம். "உங்களுக்கு வெளியே நன்றாகத் தெரிகிறதா?"

"உங்கள் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை," என்றார் அம்மா தன் சமையலறை ஜேர்மனில்.

பிரேக், விளக்கு, புகை எல்லாம் சரி. அனுமதி கிடைத்தது.

திரும்பி வரும்போது அம்மா பெற்றோல் நிலையத்தில் திருப்பினார். முதல் முறை உவேதான் எங்கோ ஊற்றி நிரப்பியிருந்தார்; நான் அப்போது கணினியோடு இருந்தேன். அம்மா எஞ்சினை நிறுத்தி, கண்ணாடி இடுக்கால் விரலை ஆட்டினார்.

"பிள்ளை, பெற்றோலை அடி."

குழாயை எடுத்துக்கொண்டு காரின் வலப்பக்கம் போனேன். மூடி இல்லை. இடப்பக்கம் போனேன். வழவழவென்று சிவப்புத் தகடு. எல்லா மூடிகளையும் அப்பா மறைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். படுத்தும் பார்த்தேன். பின்னால் நின்ற வான்காரர் ஹோர்ன் அடித்தார். இன்னொருவர் இறங்கி வந்து தானும் தேடினார். நான் இந்தத் துறையில் பட்டம் பெற்றவள் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

தொலைபேசியை எடுத்தேன். எண்ணைத் தேடி, அழுத்த விரலை வைத்தபோதுதான், திரையில் அப்பாவின் படம் இருப்பதைக் கண்டேன்.

"ஆருக்கடி எடுக்கிறாய்?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"உவேக்கு," என்றேன்.

பிறகு உவேக்கு எடுத்தேன். எண் தகட்டைக் கீழே மடி, அதற்குப் பின்னால் இருக்கிறது என்றார்.