நூர்ஜஹான் கொடுத்த பந்து

பேத்தியின் ஹாக்கி மட்டைக்கு ஆளி விதை எண்ணெய் தடவியபோது எழுந்த வாசனையில், கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மைதானம் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அன்று நிலக்கரித் தூள் படிந்த அந்தத் தரையில் நானும் தோழி நூர்ஜஹானும் மாலைதோறும் பந்தை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு ஓடுவோம், "கோலு யார் போட்டா இன்னா, குடுத்து ஆடுங்கடி" என்று கத்தியபடி எங்கள் கோச் ரோஸி டீச்சரும் கூடவே ஓடி வருவார், துறைமுகத்துச் சங்கு அவர் குரலை விழுங்கிவிடும்.

மாகாண அணிக்கு ஆள் எடுத்த நாளில், காலியாகக் கிடந்த கோலுக்கு முன்னால் நின்ற நூர்ஜஹான் பந்தை எனக்குக் கொடுத்தாள். நான் அடித்தேன். என்னை எடுத்தார்கள், அவளை எடுக்கவில்லை.

"நீயே அடிச்சிருக்கலாமேடி?" என்றேன்.

"டீச்சர் சொன்ன மாரிதானே ஆடுனேன்? அடிச்சிருந்தா மட்டும் எங்க வாப்பா வெளியூரு அனுப்பிடுவாரா இன்னா?" என்று சிரித்தாள்.

அவள் பந்தைக் கொடுத்ததற்கு இரண்டில் எது காரணம் என்று எனக்குப் புரியவில்லை. சந்தோஷப்படுவதா, அழுவதா என்றும் தெரியாமல் நின்றேன். டீச்சர் என் பெயரை மறுபடி கூப்பிட்டபோது நூர்ஜஹான்தான் குரல் கொடுத்தாள்.

"தோ, இங்க கீறா டீச்சர்!"