சிஸ்டம் என்றால் எந்த சிஸ்டம்?

இந்த குரூப்பில் எல்லோருடைய பதிவையும் படித்து, லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவள் நான். இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூடான பிளாஸ்டிக் வாசனை... மல்லாபூரில் நான் முதன்முதலில் சேர்ந்த பைப் கம்பெனியை நினைத்தால் அதுதான் வரும். துப்பட்டாவில் ஏறி, லாலாகுடா வீடு வரைக்கும் கூடவே வரும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். பி.காம்.

சரக்கு லாரிகளுக்கு பில் போடும் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார்கள். மூன்றாவது மாதம் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. ஒரு பில் திறக்க இரண்டு நிமிஷம். வெளியே ஹாரன் மேல் ஹாரன். இந்தப் பெண் வந்த பிறகுதான் இப்படி என்று பேச்சு கிளம்பியது.

எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் ‘சிஸ்டம்’ என்ற பெயர்தான் மெமரியை அதிகம் பிடித்திருந்தது. மேனேஜர் மூர்த்தி சாரிடம் தயங்கித் தயங்கிப் போய் நின்றேன்.

“சார், சிஸ்டம்தான் மெமரி எல்லாம் எடுத்துக்குது.”

“சிஸ்டம் எடுக்காம, ஃபேனா எடுக்கும்?”

ஆபீஸே சிரித்தது.

நாம் கம்ப்யூட்டரையே சிஸ்டம் என்றுதானே சொல்கிறோம்... நான் சொன்னது விண்டோஸுக்குள் அந்தப் பெயரில் ஓடுகிற ஒன்றை. அதை விளக்க அன்று எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சர்வீஸ்காரர் வந்து எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போடுவதென்று முடிவானது. அப்படிச் செய்துவிட்டால் கெடுத்தவள் நான்தான் என்று ஆகிவிடும். வேலையும் போய்விடும்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தேன். அப்போது புதிதாக வந்திருந்த விண்டோஸில், மெமரி போதாமல் போனால், சும்மா கிடக்கும் புரோகிராம்களின் விஷயங்களை அது அமுக்கிச் சுருக்கி வைத்துக்கொள்ளுமாம். அந்தச் சுமை ‘சிஸ்டம்’ பெயரில்தான் தெரியுமாம்.

ஆக, அது எதையும் தின்னவில்லை. மற்றவர்களுடையதைச் சுமக்கிறது. அப்படியென்றால் இடத்தை அடைத்தது யார்?

மறுநாள் சர்வீஸ்காரர் பையைத் திறந்தபோது, பத்து நிமிஷம் தரச்சொல்லிக் கேட்டேன்.

“நக்கோம்மா, வேணாம், இன்னும் எதையாவது தொட்டு வைக்காத” என்றார் மூர்த்தி சார். ஆனாலும் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

பட்டியலில் கீழே போனேன். பில் புரோகிராம் ஒன்பது முறை திறந்திருந்தது. திரை அசையாவிட்டால், திறக்கவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுவது அந்த ஆபீஸ் பழக்கம். சாயங்காலம் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போவோம். எல்லாம் உள்ளே அப்படியே கிடக்கும்.

எட்டை மூடினேன். ‘சிஸ்டம்’ பக்கத்தில் இருந்த எண் மளமளவென்று இறங்கியது. பில் உடனே திறந்தது.

“ஒம்போது வாட்டி யாரு தொறந்தது?” என்று கேட்டார் மூர்த்தி சார்.

யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த பில்லைத் திறந்தேன். அவரே, “ஹவ்... ஆமா, நான்தான் தட்டிட்டே இருப்பேன்” என்றார்.

அந்த வாரமே என்னை நிரந்தரமாக்கினார்கள்.

இப்போது வேறு கம்பெனியில் பில் போடுகிறேன். மெமரி அப்போதைவிட நாலு மடங்கு. புது விண்டோஸில் அந்தச் சுமைக்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். யார் கம்ப்யூட்டர் நின்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சரிசெய்துவிட்டு மறுபடி என் பில்லுக்குத் திரும்பும்போதுதான் மனசு என்னவோ போலாகிறது...

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலைக்கு அப்ளை செய்தால், பி.காம் என்று பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் ஆபீஸில் அப்படி ஓர் இடம் இருந்தால், என்னை இன்டர்வியூவுக்கு மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள். கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றை முன்னால் வைத்தால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.