கரையில் கேட்ட வார்த்தை

இரத்தினபுரியிலிருந்து கொடகவெல போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அவர். ஒட்ட வெட்டிய முடி, வெயிலில் கருத்த முகம். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் படகில் இருப்பவரைப் போலக் கால்களை அகட்டி ஊன்றிக்கொள்வார். நான் வீட்டுக்குப் போனில் தமிழில் பேசி முடித்ததும், தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் 'மல்லி' என்று கூப்பிட்டு, சிங்களத்திலேயே கேட்டார்.

"மல்லி, ஒரு தமிழ்ப் பேச்சுக்கு அர்த்தம் சொல்றீங்களா?"

மன்னார்ப் பக்கம் கடல் எல்லையில் ரோந்து போகும் நேவிக்காரராம். பீடி இலை கடத்தி வந்த படகைப் பிடித்துப் பொலிசிடம் ஒப்படைத்தபோது, அதிலிருந்த ஒருவன் ஜீப் கிளம்பும்வரை இவரைப் பார்த்தே ஏதோ கத்தினானாம்.

"ஏசுறான்னுதான் நெனச்சேன். ஆனா அந்தச் சத்தம் காதை விட்டுப் போகல."

அதை அப்படியே தமிழில் சொல்லிக் காட்டினார்.

"வீட்ல சொல்லிருங்க."

"வீட்டு ஆளுங்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லியிருக்காருங்க" என்றேன்.

"ஏசலையா?"

"இல்லீங்க. மரியாதையாத்தான் கேட்டிருக்காரு."

அதன் பிறகு அவர் ரப்பர் மரங்களைப் பார்த்தபடி அந்தச் சொற்களையே மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிடிபட்டவனின் வீட்டைத் தேடிப் போய் அதைச் சொல்லியிருப்பாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.