குழிவாகப் பதிந்த சிங்கம்

நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம், கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அங்கே பாடம் நடத்திய அமெரிக்கப் பெண்மணி ஒருவர் ஊர் திரும்பும்போது தன் பூதக்கண்ணாடியையும், நாணயச்சாலையில் தவறாக அடிக்கப்பட்ட பிழைக்காசுகளைத் தேடும் பைத்தியத்தையும் என்னிடம் விட்டுப் போனார். கைக்கு வரும் சில்லறையை எல்லாம் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்ப்பேன். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் மனசு துள்ளும். பெரும்பாலும் அடிக்கும்போது அச்சு அசைந்த தட்டையான நிழலாகத்தான் இருக்கும். அச்சிலேயே இரட்டையாக வெட்டப்பட்ட எழுத்து என்றால் இரண்டும் கூர்மையாக எழுந்து நிற்க வேண்டும். அப்படி ஒன்றுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில், மளிகைக்கடை வாசலில் கூட்டம். நடுவில் மலைக்கிராமமான கவுஞ்சியிலிருந்து வரும், நான் வழக்கமாகப் பூண்டு வாங்கும் அம்மாள் நின்றிருந்தார். அவர் கொடுத்த அரை ரூபாய் கள்ளக்காசு என்று கடைக்காரர் போலீசுக்கு ஆள் அனுப்பப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் ஈயக்காசு வாங்கி ஏமாந்தவர்.

"ரெண்டு பக்கமும் சிங்கம், டீச்சர். ஒரு பக்கம் குழிஞ்சு கெடக்கு. சர்க்கார் அடிச்சா இப்படியா இருக்கும்?" என்றார் கடைக்காரர். பள்ளியில் வேலை பார்த்ததால் ஊருக்கே நான் டீச்சர்.

காலையில் பூண்டு வாங்கிய யாரோ கொடுத்தது என்று அந்த அம்மாள் சொன்னார். முந்தானை நுனியை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

காசை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சிங்கங்கள் சரியாக இருந்தன. மறுபக்கம் அதே சிங்கங்கள் உள்வாங்கி, எழுத்துகள் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தன. புத்தகத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த பிழை. அடித்த காசு வெளியே விழாமல் மேல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெற்றுத் தகட்டில் அதன் முகமே குழிவாக இறங்கிவிடும்.

இதைச் சொன்னபோது கூட்டம் நம்பவில்லை. கடைத் தராசில் அதை ஒரு தட்டிலும் நல்ல அரை ரூபாயை மறுதட்டிலும் வைக்கச் சொன்னேன். முள் அசையவில்லை. பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை வாங்கி வந்தேன். அரை ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும், ஈயம் ஒட்டாது. கிட்டே கொண்டுபோனதும் காசு டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது.

கடைக்காரர் காசைக் காந்தத்திலிருந்து பிரித்து அந்த அம்மாளின் கையில் வைத்தார். "தப்பா நெனச்சுப்புட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அந்த அம்மாளைத் தனியே கூட்டிப்போய், காசு சேர்ப்பவர்கள் இதற்கு நல்ல விலை தருவார்கள், எனக்கும் ஆசைதான், பத்து ரூபாய் தருகிறேன் என்றேன். அன்று எனக்கு அது பெரிய தொகை. அவர் காசை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அத்தனை பேருக்கு முன்னால என்னையத் திருடியாக்குன காசு தாயி. நான் திருடி இல்லைன்னும் அதுதான சொல்லுச்சு. எங்கிட்டயே இருக்கட்டும்."

அடுத்த வருஷம் கவுஞ்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அவர் வீட்டையும் தேடிப் போனேன். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிறு. அதில் அந்தக் காசு, நடுவில் ஆணியால் ஓட்டை போடப்பட்டு. ஓட்டை விழுந்த காசுக்கு இனி யாரும் விலை தரமாட்டார்கள். அவரோ பெருமையாகக் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டார். குழந்தை காசை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவித்த உருளைக்கிழங்கும் கடுங்காப்பியும் வந்தன. பனி இறங்குமுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று எழுந்தபோது, ஒரு கட்டுப் பூண்டை என் பையில் திணித்து, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.